யூடியூபா, காசு கட்டிய கோர்ஸா, என்பிடெல்லா, ட்யூஷனா? செமஸ்டருக்கு எதை நம்புவது

ரிசல்ட் வந்த வாரம் என் போனுக்கு ஓய்வு கிடையாது. "மேடம், ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல போயிடுச்சு, யூடியூப் பாத்தே கிளியர் பண்ணிடலாமா, இல்ல ட்யூஷன் சேரணுமா?" என்று ஒன்று. அடுத்தது, "ஒரு ஆப்ல கோர்ஸ் 3,999க்குப் போட்டிருக்கான், இன்னைக்கு நைட் வரைக்கும்தான் ஆஃபராம், வாங்கலாமா?" மூன்றாவது ஒரு அப்பாவிடமிருந்து. குடியாத்தத்தில் கைலி நெய்கிறவர். பையன் எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டுகிற குரலில் கேட்டார்: "என்பிடெல்னு ஆயிரம் ரூபா கட்டணுமாமே, அது வேலைக்கு ஆவுமாம்மா?" (ஐஐடிகள் இணையத்தில் நடத்துகிற பாடங்களைத்தான் கேட்கிறார்.)

வேலூர்ப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் ஒன்பது வருடமாகக் கௌரவ விரிவுரையாளராகக் கணிதம் எடுக்கிறேன். அணைக்கட்டு, ஒடுகத்தூர், பேரணாம்பட்டு, ஆற்காடு என்று எல்லாத் திசையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், எல்லாத் திசையிலிருந்தும் இதே கேள்வி வருகிறது. தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

பாடம் எதில் நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. நாலிலும் பாடம் நன்றாகவே இருக்கிறது, நன்றாக நடத்துகிறவர்கள் இன்றைக்கு இலவசமாகவே கிடைக்கிறார்கள். எப்போது உட்கார வேண்டும், புரிந்ததா என்று யார் சோதிப்பது, எதை மறுபடி பார்க்க வேண்டும், சோம்பல் வந்தால் யார் அதட்டுவது என்று படிப்பைச் சுற்றி ஒரு மேய்க்கிற வேலை இருக்கிறதே, அதில் எவ்வளவை அந்த வழி தானே செய்கிறது, எவ்வளவை உங்கள் தலையில் கட்டுகிறது என்பதில்தான் நாலும் பிரிகின்றன. கல்வி உளவியலில் இதைச் சுயநெறிப்படுத்தல் என்பார்கள். பாரி சிம்மர்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை மூன்று கட்டமாகப் பிரித்தார்: படிக்கும் முன் திட்டமிடுவது, படிக்கும்போது தன்னைத்தானே கவனிப்பது, படித்தபின் எங்கே சறுக்கியது என்று பார்ப்பது. நம் பிள்ளைகள் முதல் கட்டத்தில் புலி. டைம்டேபிள் போடவே நாலு கலரில் ஸ்கெட்ச் பேனா வாங்குவார்கள். மூன்றாவது கட்டத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், கெடு யார் கையில் இருக்கிறது. உங்கள் கையிலா, அடுத்தவர் கையிலா? உங்கள் கையில் இருந்தால் அதைத் தள்ளிப்போடுகிற உரிமையும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம்: அந்த வழி உங்களைப் பார்க்க வைக்கிறதா, செய்ய வைக்கிறதா? போன ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டுப் பையன், ஒடுகத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். ஸ்டாட்டிஸ்டிக்ஸில் வருகிற பாய்சான் பரவலின் சராசரியைத் தருவிக்கிற வீடியோவை மூன்று தடவை பார்த்துவிட்டேன், நன்றாகப் புரிந்துவிட்டது என்றான். சரி என்று அவன் போனை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு சாக்பீஸைக் கையில் கொடுத்தேன். ஃபார்முலாவைச் சரியாக எழுதினான். முன்னால் கூட்டல் குறியான சிக்மா போட்டான். கூட்டலைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதா ஒன்றிலிருந்து தொடங்குவதா என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. இரண்டு நிமிடம் நின்றான். சிக்மாவுக்குக் கீழே பூஜ்யம் போட்டு அழித்தான், ஒன்று போட்டு அழித்தான். "பாக்கும்போது புரிஞ்சுது மேடம், இப்ப வரல."

பொய் சொல்லவில்லை அவன். பார்க்கும்போது புரிந்தது உண்மை. அடுத்தவர் போடுகிற கணக்கு கண்ணுக்குப் பழகியதைத் தனக்கு வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரு பகுதியை ஒரு தரப்பு மறுபடியும் படித்தது, இன்னொரு தரப்பு புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மறுபடி படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42தான். செமஸ்டர் தேர்வு எதுவும் 5 நிமிடம் கழித்து வருவதில்லை.

மூன்றாவது செலவு. கட்டணத்தோடு டேட்டா, பஸ், நேரம், ஏமாந்தால் போகிற தொகை எல்லாம் சேர்த்து. நாலாவது, உங்கள் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தோடு எவ்வளவு ஒட்டுகிறது. அரியர் வைத்திருப்பவர்களுக்கு இது தலைபோகிற விஷயம், சும்மா கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒன்றுமே இல்லை.

கடைசியாக வீட்டு நிலவரம். இதை எந்தக் கட்டுரையும் எழுதுவதில்லை. வீட்டில் எத்தனை போன், மாடு கறக்கிற நேரம் எது, தறி ஓடுகிற சத்தத்தில் வீடியோ கேட்குமா, மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போகிற நாளில் என்ன செய்வது. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சிமென்ட் ஷீட் வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு போனும் கொதிக்கும், மூளையும் கொதிக்கும். அந்த நேரத்தில் 'தன்னொழுக்கம் இல்லை' என்று பிள்ளையைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை.

இந்த அளவுகோல்கள் என் கற்பனை மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிராட்பென்ட், பூன் இருவரும் 2015இல், இணையவழி உயர்கல்வி பற்றிய 12 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நேரத்தைச் சரியாகப் பயன்படுத்துவது, கஷ்டம் வந்தாலும் விடாமல் உட்காருவது, தனக்குப் புரிகிறதா என்று கவனிப்பது, கேள்வி கேட்டு யோசிப்பது ஆகியவற்றுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருந்தது. உருப்போடுவதற்கும் நோட்ஸை ஒழுங்குபடுத்தி அழகுபார்ப்பதற்கும் அந்த அளவு இல்லை. தொடர்பு ஒன்றும் மலையைப் புரட்டுகிற அளவில் இல்லை, சின்னதுதான். ஆனாலும் நேரம் எங்கே போக வேண்டும் என்று அது காட்டுகிறது. கலர் பேனாக்காரர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

## யூடியூப்

கெடு முழுக்க உங்கள் கையில். செய்ய வைப்பது கிடையாது, அதையும் நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும். அதாவது மேய்க்கிற வேலை மொத்தமும் உங்களுடையது.

இலவசம் என்று சொல்கிறோம், ஆனால் செலவு இருக்கிறது. 480பி தரத்தில் ஒரு மணி நேர வீடியோ ஏறத்தாழ அரை ஜிபி தின்னும். தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டு, அதே போனில் தம்பியும் பார்க்கிற வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கே சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும். கல்லூரியில் வைஃபை இருந்தால் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது 360பி போதும், கரும்பலகை தெரிந்தால் சரி.

அதைவிடப் பெரிய செலவு தேடுகிற நேரம். ஒரே தலைப்புக்கு முப்பது வீடியோ. முதல் பத்து நிமிடம் பார்த்து, இவர் வேகமாகப் போகிறார் என்று மாற்றி, அடுத்தவர் இந்தியில் பேசுகிறார் என்று மாற்றி, மூன்றாமவர் நம் பாடத்திட்டத்தில் இல்லாத முறையில் போடுகிறார் என்று மாற்றி, கடைசியில் ஓரத்தில் தெரிந்த ஒரு பிரியாணி வீடியோவைத் தொட்டுவிட்டு, ஆம்பூர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நானும் போயிருக்கிறேன், குறை சொல்லத் தகுதி இல்லை.

ஆனால் யூடியூப்புக்கு ஈடு எதுவும் இல்லாத இடம் ஒன்று உண்டு: எது புரியவில்லை என்று உங்களுக்கே துல்லியமாகத் தெரிந்திருக்கிற நேரம். 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வரவில்லை' என்று போனால் தொலைந்துவிடுவீர்கள். 'பாய்சான் சராசரியில் கூட்டல் ஏன் ஒன்றிலிருந்து தொடங்குகிறது' என்று போனால் எட்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். (பூஜ்யத்தில் வருகிற உறுப்பு பூஜ்யமாகிவிடுகிறது, அதனால். அந்தப் பையனுக்கும் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.)

பார்க்கிற விதம் பற்றி ஒன்று. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் வீடியோ அமர்வுகளை அலசி 2014இல் ஒரு ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் சராசரி மாணவர் ஒட்டிக்கொண்டிருந்தது அதிகபட்சம் 6 நிமிடம்தான். எனவே 50 நிமிட வகுப்பை 50 நிமிடமாகப் பார்க்காதீர்கள். ஆறேழு நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, போனைக் கவிழ்த்து, ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டலாமா என்று கேட்கிறார்கள், ஓட்டலாம். கலிபோர்னியாவில் 2021இல் நடந்த ஒரு சோதனையில், இரண்டு மடங்கு வேகம் வரை புரிதல் பெரிதாகக் குறையவில்லை. மிச்சமான 25 நிமிடத்தில் கணக்குப் போட்டீர்களா, இன்னொரு வீடியோவுக்குப் போனீர்களா என்பதுதான் என் கேள்வி.

## காசு கட்டிய கோர்ஸ்

ஆப்பில் விற்கிற பதிவு செய்த வகுப்புகளைச் சொல்கிறேன். நேரலை வகுப்பு வேறு கதை, அது ட்யூஷனுக்குப் பக்கத்தில் வரும்.

யூடியூப்பைவிட இதில் ஒரு நன்மை நிஜமாகவே இருக்கிறது: தேடல் வேலை மிச்சம். முதல் வீடியோவுக்கு அப்புறம் இரண்டாவது எது என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், நடுவில் குட்டித் தேர்வுகள், சிலவற்றில் சந்தேகம் கேட்க ஒரு இடம். கெடு மட்டும் இன்னும் உங்கள் கையில்தான்.

ஊரடங்கு சமயத்தில் நானே ஒன்று வாங்கினேன். தரவுப் பகுப்பாய்வுக் கோர்ஸ், 4,500 ரூபாய். திரையில் ஒரு கடிகாரம் சலுகை முடிய 2 மணி 14 நிமிடம் என்று ஓடிக்கொண்டிருந்தது, பயந்து கட்டிவிட்டேன். மறுநாள் தோழிக்குக் காட்டலாம் என்று திறந்தால் கடிகாரம் மறுபடியும் முதலிலிருந்து ஓடுகிறது. அது கிடக்கட்டும். 90 வீடியோவில் 14 பார்த்தேன். ஆறு மாதம் முடிந்ததும் உள்ளே நுழைய முடியவில்லை, செல்லுபடிக் காலம் முடிந்துவிட்டதாம். அதற்கு அவர்களைச் சொல்லி என்ன செய்ய. கட்டிய அன்றைக்கே பாதி படித்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்ததே, அதுதான் என்னைக் கவிழ்த்தது. தடியான கைடு ஒன்றை வாங்கி அட்டை போட்டு வைத்தால் வருமே, அதே நிம்மதி.

'காசு கட்டினால்தான் மேடம் பயம் இருக்கும்' என்று சொல்கிறார்கள். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களை ஜஸ்டின் ரைக்கும் அவருடைய சக ஆய்வாளரும் அலசி 2019இல் வெளியிட்டார்கள். 2017-18இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 100க்கு 3 பேர் சொச்சம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்தால் 46 சதவீதம். பார்த்தீர்களா, பணம் வேலை செய்கிறது என்று தோன்றும். ஆனால் ஏற்கெனவே முடிக்கிற உறுதியோடு இருந்தவர்கள்தான் பணம் கட்டியிருப்பார்கள். பணம் உறுதியைக் கொண்டுவந்ததா, உறுதி பணத்தைக் கொண்டுவந்ததா என்று இந்த எண் சொல்லாது. இன்னொன்று, காசு கட்டியும் பாதிக்கு மேல் முடிக்கவில்லை.

மறைந்திருக்கிற செலவுகள்: தானாகக் கழிகிற மாதச் சந்தா, தவணை முறையில் வாங்கினால் படிக்காவிட்டாலும் மாதாமாதம் போகிற தொகை, 'ஏழு நாளில் பணம் திரும்ப' என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிற நிபந்தனை. என் மாணவி ஒருத்தி ஒரு ரூபாய் முன்னோட்டத்துக்குத் தன் அப்பா கணக்கை இணைத்துவிட்டு, அடுத்த மாதம் 799 போனதும் வீட்டில் வாங்கிய திட்டு, அந்தக் கோர்ஸ் சொல்லிக்கொடுத்ததைவிட அதிகம்.

யாருக்கு இது சரி? வேலைக்கான ஒரு திறமை, உதாரணமாக எக்செல், டாலி, பைதான், ஏதோ ஒன்று, இத்தனை தேதிக்குள் வேண்டும் என்று வெளியிலிருந்து ஒரு நெருக்கடி இருப்பவர்களுக்கு. இன்டர்வியூ தேதி கையில் இருந்தால் கெடுவும் இருக்கிறது. செமஸ்டர் அரியருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

## என்பிடெல், ஸ்வயம்

என்பிடெல் 2003இல் ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கியது. இன்றைக்கு அதன் பாடங்கள் ஒன்றிய அரசின் ஸ்வயம் தளத்தில் நடக்கின்றன. ஜனவரியிலும் ஜூலையிலும் பருவம் தொடங்கும், 4, 8 அல்லது 12 வாரம். சேர்வதும் பாடம் பார்ப்பதும் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம், பாடத்துக்கு 1,000 ரூபாய். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் வருகிற ஒரு மாதத் தொகை. அந்தப் பணத்தை வைத்தே கட்டிய பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு.

இதில் எனக்குப் பிடித்தது பாடம் இல்லை, மதிப்பெண் போடுகிற முறை. வாராவாரம் ஒரு அசைன்மென்ட், அதற்கு ஒரு கடைசித் தேதி. தேதி போனால் போனதுதான், கெஞ்ச ஆளே கிடையாது. அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதுகிற தேர்வுக்கு 75, நம் கல்லூரி இன்டர்னல் எக்ஸ்டர்னல் மாதிரியே. சான்றிதழுக்கு 25இல் 10, 75இல் 30, இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். அதாவது கடைசி வாரம் உட்கார்ந்து தேர்வில் வெளுத்து வாங்கினாலும், வாரங்களைத் தூங்கிக் கழித்திருந்தால் சான்றிதழ் இல்லை. அதே நேரம் கருணையும் இருக்கிறது: 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். நான் ஒன்று படித்தபோது அத்தை வீட்டுக் கல்யாணத்தில் ஒரு வாரம், காய்ச்சலில் ஒரு வாரம் விட்டுப்போயும் தப்பித்தேன். காப்புக் கட்டியவர்போல் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்று சொன்னால் முதல் தவறிலேயே நிறுத்திவிடுவோம். நாலு தவறலாம் என்று சொன்னால் தொடர்வோம். இதை வகுத்தவர் மாணவரை அறிந்தவர்.

இப்போது கசப்பான பக்கம். 'ஐந்தாவது வார விடைகள்' என்று அசைன்மென்ட் விடைகளை அப்படியே போடுகிற வீடியோக்களும் குழுக்களும் கொட்டிக் கிடக்கின்றன. பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன், ஏ, சி, பி, டி என்று தட்டி மூன்று நிமிடத்தில் 10க்கு 10 எடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் என்பிடெல் உங்களுக்குச் செய்ய வந்த ஒரே உபகாரத்தை நீங்களே வெட்டிவிட்டீர்கள், மிச்சம் இருப்பது ஆங்கிலத்தில் ஒரு நீளமான யூடியூப். 75க்கான தேர்வில் அந்தக் குட்டு உடையும்.

ஆங்கிலம் நிஜமான தடை. பல பாடங்களுக்குத் தமிழில் எழுத்து வடிவம் கிடைக்கிறது, சேரும் முன் இருக்கிறதா என்று பாருங்கள். தேர்வு எந்த ஊரில், எந்தத் தேதியில் என்றும் பணம் கட்டும் முன்பே பாருங்கள், செமஸ்டர் தேர்வோடு முட்டிக்கொண்டால் இரண்டும் போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கிரெடிட், அதாவது அந்தப் பாடம் உங்கள் பட்டப்படிப்புக் கணக்கில் சேருமா என்பது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021 விதிமுறைப்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்க அனுமதிக்கலாம். 'அனுமதிக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். உங்கள் பாடத்துக்குப் பதிலாக இந்தப் பாடத்தை ஏற்றுக்கொள்வதாகப் பல்கலைக்கழகமும் துறையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையென்றால் சான்றிதழ் கையில் இருக்கும், அரியரும் அப்படியே இருக்கும். துறைத் தலைவரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

## ட்யூஷன்

காட்பாடி காந்திநகரிலோ சத்துவாச்சாரியிலோ ஒரு மாடி அறை, வெள்ளைப் பலகை, பத்துப் பதினைந்து பேர். கெடு முழுக்க மாஸ்டர் கையில். பாடத்திட்டத்தோடு இவ்வளவு ஒட்டுவது வேறு எதுவும் இல்லை, கடந்த ஐந்து வருட வினாத்தாள் அவருக்கு மனப்பாடம்.

இதன் பலம் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது: "நேத்து ஏன் வரல?" ஆப் அனுப்புகிற அறிவிப்பை விரலால் ஒதுக்கிவிடலாம். பெயர் சொல்லிக் கேட்கிற மனிதரை ஒதுக்க முடியாது. நாலு அரியர் வைத்துவிட்டுத் தன்மேலேயே நம்பிக்கை போன ஒரு பிள்ளைக்கு, தினம் ஐந்து மணிக்கு ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்பதே பாதி மருந்து. இதை யாரும் கேவலமாக நினைக்க வேண்டாம்.

செலவு கட்டணத்தோடு நிற்காது. ஒடுகத்தூர்ப் பையனுக்கு பஸ்ஸிலேயே போகவர இரண்டு மணி நேரத்துக்கு மேல். பெண்பிள்ளைகளுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் டிக்கெட் இல்லை, ஆனால் இருட்டியபின் வருகிற பஸ்ஸுக்கு வீட்டில் அனுமதி இல்லை. 'ஏழரை மணி பஸ்ஸுன்னா அப்பா வேணாம்ங்கிறாரு மேடம்' என்று சொல்கிறவளுக்கு ட்யூஷன் என்ற வழியே கிடையாது, அவளிடம் போய் ட்யூஷன்தான் சிறந்தது என்று ஒப்பீடு படிப்பது கொடுமை.

இன்னொரு செலவு மெதுவாகத் தெரியும். 'இந்த எட்டு கணக்கு மட்டும் பாரு, பாஸ் கேரண்டி' என்கிற பாணியில் பழகியவர்கள், அடுத்த செமஸ்டரில் அடுத்த மாஸ்டரைத் தேடுகிறார்கள். மேய்க்கிற வேலையை மொத்தமாக அவர் செய்துவிடுவதால் உங்களுக்கு அது பழகவே இல்லை. எம்.எஸ்சி. போனதும், அல்லது வேலையில் புதிதாக ஒன்றைத் தானே கற்க வேண்டிய இடம் வந்ததும் கை நடுங்கும். போடச் சொல்லி உட்காரவைக்கிற மாஸ்டரா, போட்டுக் காட்டி எழுதிக்கொள்ளச் சொல்கிற மாஸ்டரா என்று ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள். இரண்டாமவர் என்றால் அது காசு கட்டிய யூடியூப்.

## ஒரே பார்வையில்

| | யூடியூப் | காசு கட்டிய கோர்ஸ் | என்பிடெல் | ட்யூஷன் |
|---|---|---|---|---|
| கெடு | உங்கள் கையில் | உங்கள் கையில் | வாராவாரம், அவர்கள் கையில் | தினமும், மாஸ்டர் கையில் |
| செய்ய வைக்குமா | வைக்காது | கொஞ்சம் | வைக்கும், விடையைத் திருடாவிட்டால் | மாஸ்டரைப் பொறுத்தது |
| கட்டணம் | இல்லை | ஆயிரங்களில் | தேர்வுக்கு 1,000 | பேசி முடிப்பது |
| தெரியாத செலவு | டேட்டா, தேடும் நேரம் | தவணை, சந்தா, செல்லுபடிக் காலம் | தேர்வு ஊர், தேதி மோதல் | பஸ், இருட்டு, பழக்கமாகிவிடுவது |
| பாடத்திட்டம் | தேடி எடுக்க வேண்டும் | பெரும்பாலும் ஒட்டாது | துறை ஏற்றால் மட்டும் | நன்றாக ஒட்டும் |

## சரி, நீங்கள் எந்த ரகம்

இதைக் கண்டுபிடிக்க நான் பிள்ளைகளிடம் செய்யச் சொல்வது ஒன்று உண்டு. ஆராய்ச்சி முடிவு இல்லை, என் கைக்கணக்கு. வீட்டில் தினசரி காலண்டர் தொங்கும், நாள்தோறும் தாள் கிழிக்கிறது. முந்தின நாள் இரவே நாளைய தாளில் பென்சிலால் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு உட்காருவேன், எந்தக் கணக்கு. மறுநாள் சொன்ன நேரத்திலிருந்து அரை மணிக்குள் உட்கார்ந்தால் ஒரு டிக். நோட்டைப் பார்க்காமல் அந்தக் கணக்கு வந்தால் இன்னொரு டிக். கிழித்த தாளைக் குப்பையில் போடாமல் ஒரு கிளிப்பில் சேர்த்து வையுங்கள். இப்படி 14 நாள்.

முதல் டிக் பத்தோ அதற்கு மேலோ இருந்தால் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள், யூடியூபும் பழைய வினாத்தாளும் போதும். ஐந்திலிருந்து ஒன்பது என்றால் உங்களுக்குத் தேவை வெளியிலிருந்து ஒரு லேசான கெடு: துறை ஏற்குமானால் என்பிடெல், ஏற்காவிட்டால் நாலு பேர் சேர்ந்து வாரம் இரண்டு நாள் மாவட்ட மைய நூலகத்திலோ கல்லூரி மரத்தடியிலோ உட்காருவது. அந்த நாலு பேரில் ஒருத்தர் கண்டிப்பாகக் கோபக்காரராக இருக்கட்டும். ஐந்துக்குக் கீழே என்றால் வெட்கப்படாமல் ட்யூஷன், ஆனால் எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம், மிகக் கஷ்டமான ஒன்றுக்கு மட்டும். மற்றதைக் காலண்டர் தாளோடு தானே முயன்று பாருங்கள்.

முதல் டிக் நிறைய, இரண்டாவது டிக் காலி என்றால் அது வேறு நோய். நேரத்துக்கு உட்காருகிறீர்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள், போட்டுப் பார்ப்பதில்லை. இவர்களுக்கு எந்தக் கோர்ஸும் வாங்கிக் கொடுத்துப் பயனில்லை. ஒரு கட்டு வெள்ளைத் தாள் போதும்.

ஒடுகத்தூர்ப் பையன் இந்த ரகம்தான். 14இல் 11 நாள் சொன்ன நேரத்தில் உட்கார்ந்திருந்தான், காலை ஐந்தரைக்கு, மாடு கறந்து முடித்த கையோடு. இரண்டாவது டிக் மூன்று. ட்யூஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது வீடியோவைப் பாதியில் நிறுத்தித் தாளில் போட்டு, அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறான். பாதிக்கு மேல் தப்பு. நான் சிவப்பு வட்டம் மட்டும் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன், விடை சொல்வதில்லை. ஏப்ரலில் எழுதுகிறான்.

குடியாத்தத்து அப்பாவுக்கு, துறையில் எழுதி வாங்கினால் ஆயிரம் கட்டலாம், இல்லாவிட்டால் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லி, காலண்டர் விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, பின்னால் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தத் தாளுங்கள நான் எடுத்துப் பாக்கலாமாம்மா?"

"பையன்கிட்ட கேட்டுட்டுப் பாருங்கண்ணா" என்றேன்.